எஃப் 17-க்கு ஒரு பெயர் இருக்கிறது

இலஞ்சியில் எங்கள் தெருவுக்குப் பின்தெருவில் ஒரு அக்கா உண்டு. பள்ளியில் எனக்கு ஐந்து வருடம் மூத்தவர். பதினெட்டு வருடமாகச் சென்னையில் டப்பிங் பேசுகிறார். கட்டுரையில் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம்ப்பா, இருக்குற வேலையும் போயிரும்" என்றார். குரல் கலைஞர்களுக்குப் பெயர் போடுவதில்லை என்று சண்டை போட எழுதும் கட்டுரையில் முதல் ஆளின் பெயரே இல்லை. வேறு வழியில்லை, இப்படித்தான் தொடங்கவேண்டியிருக்கிறது.

போன வருடம் ஆனி மாதம் அவர் ஊருக்கு வந்திருந்தார். சீசன் நேரம். குற்றாலம் போகிற வேன்கள் எங்கள் ஊர் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. ஊரே அருவிக்குப் போகிறது, அவர் மட்டும் தலை கொடுக்கமாட்டார். அடுத்த வாரம் ஒரு இந்தித் தொடருக்குப் பேசவேண்டும். சளி பிடித்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, சாரலை வாசலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தபடி சுக்குத் தண்ணீர் குடிப்பதுதான் அவருடைய குற்றால சீசன்.

அப்போது செங்கோட்டையிலிருந்து அவருடைய சித்தி போன் செய்தார். "ஏட்டி, நீ பேங்க்ல வேலைக்குச் சேந்துட்டியா? என்னையவே தவண கட்டச் சொல்லி மிரட்டுத?"

அக்கா முதலில் சிரித்தார். பிறகு, "நான் என்ன பேசுனேன் சித்தி?" என்று கேட்டார். சித்தி சொல்லிக்காட்டினார். அந்த வாக்கியத்தை அக்கா வாழ்நாளில் பேசியதில்லை. ஆனால் சித்தி மடியில் கிடந்து வளர்ந்த பிள்ளை, குரல் தப்பாது. யோசித்து யோசித்து ஒன்று நினைவுக்கு வந்தது. ஆறு வருடம் முன்னால் மூன்று நாள் ஒரு ஸ்டுடியோவில் உட்கார்ந்து தனித்தனி வாக்கியங்களாக வாசித்திருக்கிறார். ஏதோ அறிவிப்புக்கு என்று சொன்னார்களாம். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத வாக்கியங்கள். ஒன்றில் ரயில் வரும், அடுத்ததில் வெண்டைக்காய் விலை. "லூசுத்தனமா எழுதிருக்கானுவளேன்னு நெனச்சேன்" என்றார். கடைசி நாள் ஒரு தாளில் கையெழுத்து. மூன்று நாள் சம்பளம். அவ்வளவுதான்.

அந்தத் தாளின் மறுமுனை எனக்குத் தெரியும். நான் மென்பொருள்காரன். முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், பேசும் இயந்திரம் செய்யும் குழுவில் கொஞ்ச நாள் இருந்தேன். தமிழ் ஒலிப்பதிவுகள் உள்ள ஒரு ஃபோல்டரைக் கொடுத்தார்கள். பெண் குரல்களுக்கு எஃப், ஆண் குரல்களுக்கு எம், பக்கத்தில் ஒரு எண். எஃப் 17 என்ற குரலோடு நான்கு மாதம் வாழ்ந்தேன். அது அக்காவின் குரல் இல்லை, வேறு யாரோ. 'ழ'வுக்கு முன்னால் அவர் நூலிழை தயங்குவார். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய கோப்புகளில் குரல் அரைச் சுருதி இறங்கியிருக்கும். ஒரு கோப்பில், "சாரி சார், இன்னொரு தடவ" என்பது வெட்டப்படாமல் கிடந்தது. மூச்சு, எச்சில் விழுங்கும் ஒலி, இந்த 'சாரி சார்' எல்லாவற்றையும் நாங்கள் 'சத்தம்' என்ற பெயரில் ஒரு புரோகிராம் எழுதி நீக்கினோம்.

இவர் பெயர் என்ன என்று ஒருநாள் கேட்டேன். "பேர் இருந்தா பிரைவசி பிரச்சினை வரும்" என்றார்கள். அவருடைய நன்மைக்காகத்தான் பெயரை எடுத்தார்களாம். குரலை எடுத்துக்கொண்டது யாருடைய நன்மைக்காக என்று நான் கேட்கவில்லை. எனக்கும் அந்த மாதம் வீட்டுக்கடன் தவணை இருந்தது.

இப்போது தமிழில் செயற்கை நுண்ணறிவு பற்றி வாரம் ஒரு ஒப்பாரி வருகிறது. இயந்திரம் வந்து குரல் கலைஞர்களின் பிழைப்பைக் கெடுக்கப்போகிறது என்று எழுதுகிறார்கள். கெடுக்கும்தான். ஆனால் எழுதுகிறவர்களிடம் ஒன்று கேட்கவேண்டும்: இயந்திரம் வருவதற்கு முன்னால் நீங்கள் எத்தனை குரல் கலைஞர்களின் பெயரைச் சொல்லியிருக்கிறீர்கள்? எண்பது வருடமாகத் தமிழ் சினிமா குரலைப் பட்டா இல்லாத நிலமாக வைத்திருந்தது. பட்டா இல்லாத நிலத்தில் யார் வந்து வேலி போட்டால் என்ன? என்னைப் போன்றவர்கள் வந்து போட்டோம்.

*

நாகவல்லியை எடுத்துக்கொள்வோம். தமிழர்களுக்கு 'சந்திரமுகி'யாகத் தெரிந்த கதையின் மூலம், பாசில் இயக்கிய 'மணிச்சித்திரத்தாழ்', 1993 டிசம்பரில் வந்தது. எங்கள் பக்கத்தில் இதற்கு விளக்கமே வேண்டாம். செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த பகுதி, ஆரியங்காவு கணவாய் தாண்டினால் புனலூர். மலையாளச் சேனல்களில் அந்தப் படம் எத்தனையாவது முறை ஓடினாலும் எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் உட்கார்ந்துவிடுவார்கள். கங்காவாக மலையாளம் பேசும் ஷோபனா, பேய் பிடித்ததும் தஞ்சாவூர் நாட்டியக்காரி நாகவல்லியாகித் தமிழில் சீறுவார். அந்தத் தமிழைக் கேட்டு எங்கள் ஆச்சி, "இவ நம்மூரு பிள்ளைல்லா" என்றாள். மலையாளத்தில் பேசும்போது அவள் அப்படிச் சொன்னதில்லை.

ஷோபனாவுக்கு அந்தப் படத்துக்காகத் தேசிய விருது கிடைத்தது, மிகச் சரியாகவே. படத்தில் அவருடைய குரல் பாக்யலட்சுமி என்று கேரளம் முழுக்கத் தெரியும். மலையாள டப்பிங் உலகின் பெரிய பெயர் அவர். நாகவல்லியும் அவர்தான் என்றே பார்வையாளர்கள் நம்பினார்கள். 2016-இல் பாசில் உண்மையைச் சொன்னார். நாகவல்லியாகப் பேசியவர் துர்கா என்ற தமிழ் டப்பிங் கலைஞர்.

இருபத்திரண்டு வருடம். அதற்குள் அந்தப் படம் கன்னடம், தமிழ், வங்காளம், இந்தி என்று போய்ச் சுற்றிவிட்டது. மலையாள சினிமாவின் மிகப் புகழ்பெற்ற கோபக் குரல் ஒரு தமிழ்ப் பெண்ணுடையது, அதை நாம் இருபத்திரண்டு வருடம் கழித்து அடுத்த மாநிலத்து இயக்குநர் சொல்லித் தெரிந்துகொண்டோம். நமக்கு வெட்கமாக இருந்ததா? எனக்கு நினைவிருக்கிறவரை, அன்று இங்கே இரண்டு நாள் செய்தியாக ஓடியது. அவர் அதுவரை யார் யாருக்கெல்லாம் பேசியிருக்கிறார் என்று ஒரு பட்டியல்கூட யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

நமக்குப் பெயர் தெரிந்த குரல்கள் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. விக்ரம் 'அமராவதி'யில் (1993) அஜித்துக்கும், 'காதலன்' (1994) படத்தில் பிரபுதேவாவுக்கும், 'காதல் தேச'த்தில் (1996) அப்பாஸுக்கும் பேசினார். ரோகிணி 'பம்பாய்' (1995) மனீஷா கொய்ராலாவுக்கும் 'இருவர்' (1997) ஐஸ்வர்யா ராய்க்கும் பேசினார். ரேவதி 'மின்சார கனவு' (1997) கஜோலுக்கு. வினாடி வினாவில் கேட்பார்கள், நாமும் டக்கென்று சொல்வோம். ஆனால் கவனித்துப் பாருங்கள், இவர்கள் மூவருக்கும் திரையில் முகம் இருந்தது. 'சேது' (1999) ஓடாமல் போயிருந்தால் அஜித்தின் முதல் தமிழ்ப் படக் குரல் யாருடையது என்று யார் தேடியிருப்பார்கள்? முகம் பிரபலமானால் பழைய குரலுக்கும் சேர்த்து மரியாதை வருகிறது. முகமே காட்டாமல் முப்பது வருடம் பேசியவருக்கு அந்த வழியும் அடைத்துக்கிடக்கிறது.

பெயர் தெரிந்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு கோணமும் உண்டு. சின்மயி 2018-இல் பாலியல் புகார் சொன்னார். அதே ஆண்டு நவம்பரில் டப்பிங் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். சந்தா பாக்கி என்பது சங்கம் சொன்ன காரணம். '96' படத்தில் த்ரிஷாவின் குரலாக அவரை ஊரே கொண்டாடிக்கொண்டிருந்த நேரம் அது. த்ரிஷாவுக்கு மறுபடி 'லியோ'வில் (2023) பேசினார். இந்த விவகாரத்தில் உங்கள் கட்சி எதுவானாலும் இருக்கட்டும். ஒரு குரல் காணாமல் போனதை நாம் கவனித்தோம், காரணம் அவர் ஏற்கெனவே பெயர் பெற்ற பாடகி. எஃப் 17 காணாமல் போனால்?

*

பாட்டுக்குரலும் ஒருகாலத்தில் அனாதையாகத்தான் இருந்தது. ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் 'நந்தகுமார்' (1938) படத்தில் வேறொருவரைப் பாடவைத்துத் தமிழுக்குப் பின்னணி பாடலைக் கொண்டுவந்தார். அதே மெய்யப்பச் செட்டியார்தான் கன்னட 'ஹரிச்சந்திரா'வைத் தமிழில் பேசவைத்து 1944-இல் வெளியிட்டார். இந்தியாவில் மொழிமாற்றத்தின் தொடக்கங்களில் ஒன்று. பாட்டுக்கு இரவல் குரல், பேச்சுக்கு இரவல் குரல், இரண்டும் ஏறக்குறைய ஒரே வீட்டுப் பிள்ளைகள். 1949-இல் 'மஹல்' இந்திப் படத்தின் இசைத்தட்டு வந்தபோது அதில் பாடகியின் பெயர் காமினி என்று இருந்தது. காமினி என்பது படத்தில் வரும் பாத்திரம்! பாடியவர் யார் என்று கேட்டு ரேடியோவுக்குக் கடிதங்கள் குவிந்த பிறகுதான் லதா மங்கேஷ்கரின் பெயர் வெளியே வந்தது. அதன்பின் பாட்டுக்குரலுக்குப் பெயர் உண்டு, இசைத்தட்டில் இடம் உண்டு, விருது உண்டு, தெருமுனையில் டி.எம்.எஸ். ரசிகர் மன்றம் உண்டு. பேச்சுக்குரல் இன்னும் காமினியாகவே இருக்கிறது.

"குரல் வேறொருவருடையது என்று தெரிந்தால் மாயை கலைந்துவிடும்" என்று ஒரு வாதம் உண்டு. சினிமாவை ஆழ்ந்து பார்ப்பவர்கள்கூடச் சொல்வார்கள். 'அடிமைப்பெண்' (1969) படத்தில் எம்.ஜி.ஆருக்கு எஸ்.பி.பி. பாடினார். தமிழ்நாட்டில் யாருக்குத் தெரியாது? யாருடைய மாயை கலைந்தது? பாடும்போது கலையாத மாயை பேசும்போது மட்டும் கலையுமாம்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, என் நண்பர்கள் பலரும் அதில்தான். சொந்தக் குரலில் பேசாதவர் நடிகரே இல்லை, டப்பிங் என்பதே கலையின் மோசடி, நேரடி ஒலிப்பதிவுதான் அறம் என்பார்கள். நேரடி ஒலிப்பதிவு எனக்கும் பிடிக்கும். ஆனால் தமிழ் தெரியாத கதாநாயகியை எடுப்பது இயக்குநர். அவருக்குக் கைதட்டுவது நாம். அந்த ஓட்டையை மூச்சுப் பிடித்து அடைக்கிறவர் மட்டும் மோசடிக்காரரா? அந்த ஆள் என்னதான் செய்கிறார் என்று இவர்களில் யாரும் ஒரு டப்பிங் தியேட்டருக்குள் போய்ப் பார்த்ததில்லை.

அக்கா எனக்கு ஒருநாள் பாடம் எடுத்தார். தொடக்கம் 'கிரவுட்'. ஒரே மைக்கைச் சுற்றிப் பத்துப்பேர் நின்று கல்யாணவீட்டு இரைச்சலையும் சாவு வீட்டு அழுகையையும் உண்டாக்கவேண்டும். அங்கே தனியாகக் கேட்கிற குரல் தப்பான குரல். ஒரு வருடம் தன் குரலை மறைக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் இரண்டு வரி கொடுப்பார்கள். பிறகு திரையில் ஒரு வாய், காதில் இந்தி, கையில் தமிழ்த் தாள். தாளில் இருப்பதை அப்படியே வாசித்தால் வேலைக்கு ஆகாது. உதடு ஒட்டும் எழுத்துகள்தான் கண்டம். ப, ம வரும்போது வாய் மூடும், அதை ஒளிக்க முடியாது. "இந்தியில 'கபீ நஹீ'ங்கா. எழுதுனவர் 'ஒருநாளும் இல்ல'ன்னு எழுதிருக்கார். அர்த்தம் சரி. ஆனா 'பீ'ல அவ உதடு ஒட்டுதுல்லா, நம்ம வாய் அந்த எடத்துல பெப்பரப்பேன்னு தொறந்து கெடக்கு. 'எப்பவும் இல்ல'ன்னு மாத்துனா உக்காந்துரும்." இதை அவர் யோசித்துச் செய்வதில்லை. திரையில் அந்த வாய் திறப்பதற்குள் மாற்றிவிடுகிறார். தமிழில் வினைச்சொல் கடைசியில் வந்து, அதற்கு ஒரு வாலும் இருக்கும். இந்தி வாய் 'ஹை' என்று சட்டென்று முடிந்துவிடும், நமக்கு 'கிறார்கள்' பாக்கி நிற்கும். அந்த வாலை எங்கே மடித்து வைப்பது என்பது ஒவ்வொரு வரியிலும் ஒரு புதிர். நான் எழுதும் மென்பொருளில் இவ்வளவு நெருக்கடிக்குள் இவ்வளவு வேகமாக முடிவெடுக்கும் எதையும் பார்த்ததில்லை.

அப்புறம் சொல் இல்லாத இடங்கள். அதிர்ச்சி, விக்கல், மாடிப்படி ஏறும் மூச்சு, அடி வாங்கும் ஒலி. தொடர்களில் மாமியார் ஒரு வார்த்தை சொன்னதும் மருமகள் முகத்தை இடிச்சத்தத்தோடு மூன்று முறை காட்டுவார்களே, மூன்றுக்கும் தனித்தனி மூச்சு வேண்டும். ஒரே மூச்சை வெட்டி ஒட்டினால் தெரிந்துவிடும். அலறல் காட்சிகளை அன்றைய வேலையின் கடைசிக்குத் தள்ளிவைப்பார்கள். முதலில் அலறிவிட்டால் மீதி நாளுக்குக் குரல் மிஞ்சாது. தொண்டையில் காய்ப்புக் கட்டி மருத்துவரிடம் போய், ஒரு மாதம் பேசக்கூடாது என்று வீட்டில் சிலேட்டில் எழுதிக்காட்டி வாழ்ந்தவர்கள் அந்தத் தொழிலில் உண்டு. அந்த மாதத்துக்குச் சம்பளம் கிடையாது.

இதற்கு நடுவில் ஊர் வேறு. முதல் குரல் தேர்வில் அக்காவிடம், "ஊர் வாடை அடிக்குது" என்றார்களாம். 'சொல்லுதேன்' என்பதை 'சொல்றேன்' ஆக்க, 'வாரேன்' என்பதை 'வரேன்' ஆக்க, இழுவையைக் குறைக்க ஒரு வருடம் கண்ணாடி முன்னால் நின்றிருக்கிறார். எந்த ஊரும் இல்லாத ஒரு தமிழ் வந்து சேர்ந்தது. பிறகு சினிமாவில் வட்டாரப் பேச்சுக்கு மவுசு வந்தது. அதே கோ-ஆர்டினேட்டர் கூப்பிட்டு, "திருநெல்வேலி பாஷை வேணும், வரிக்கு ஒரு ஏலே போடுங்க" என்றார். பாத்திரம் இரண்டு தோழிகள் பேசுவது. "எங்க ஊர்ல பொம்பளப்பிள்ளைய எவன் ஏலேன்னு கூப்பிடுதான்? ஏட்டி, இல்லன்னா ஏளா" என்று சொல்லிப்பார்த்திருக்கிறார். ஆடியன்ஸுக்குப் புரியாது என்று பதில் வந்தது. அந்தப் படத்தில் அவர் ஏலே போட்டுத்தான் பேசினார். அந்தப் படத்துக்காக இயக்குநரின் 'மண்மணம்' பற்றி நம் நண்பர் ஒருவர் நீண்ட கட்டுரை எழுதினார். இன்று இயந்திரத்துக்கு 'தமிழ்' என்று ஊட்டப்படுவதும் அந்த ஊரில்லாத் தமிழ்தான். எங்கள் ஆச்சி பேசுவது அதற்குப் புரிவதில்லை, "மன்னிக்கவும்" என்கிறது.

தமிழ்நாடு அரசின் திரைப்பட விருதுகளில் ஆண், பெண் பின்னணிக் குரல் கலைஞர்களுக்கு விருது உண்டு. பாராட்டவேண்டிய விஷயம். அந்த விருதுகளே தேங்கிக்கிடந்து, 2009 முதல் 2014 வரைக்கானவை 2022-இல்தான் மேடையேறின என்பது வேறு கதை. தேசிய விருதில் அந்தப் பிரிவே கிடையாது. ஒப்பனைக்கு உண்டு, உடைக்கு உண்டு, ஒலி வடிவமைப்புக்கு உண்டு. ஒலியாக இருக்கும் மனிதருக்கு இல்லை.

*

பெயர் என்பது புகழ் ஆசை மட்டும்தானே, பணத்தைக் கூட்டிக் கொடுத்தால் போதாதா என்று ஒரு நியாயஸ்தர் கேட்டார். போதாது. காரணம் சட்டத்தில் இருக்கிறது. நம் பதிப்புரிமைச் சட்டம் 2012-இல் திருத்தப்பட்டது. நிகழ்த்துகலைஞர் யார் என்று வரையறுக்கும் இடத்தில் ஒரு விலக்கு வைத்தார்கள். ஒரு படத்தில் ஒருவருடைய பங்கு தற்செயலானது, சிறியது, கூடவே துறையின் வழக்கப்படி டைட்டில் உட்பட எங்கும் அவர் பெயர் குறிப்பிடப்படுவதில்லை என்றால், அவர் நிகழ்த்துகலைஞராகவே கருதப்படமாட்டார். தன் நிகழ்த்தலைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமை ஒன்று மட்டும் மிஞ்சும். இன்னொரு முறை படியுங்கள். பெயர் போடாத வழக்கத்தையே சட்டம் ஓர் அளவுகோலாக எடுத்துக்கொள்கிறது. கதாநாயகிக்குப் பேசுபவரை யாரும் 'தற்செயல்' என்று சொல்லிவிட முடியாதுதான். ஆனால் கிரவுட் பேசுகிறவர், இரண்டு வரி பேசுகிறவர், அலறல் மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறவர்? முதலில் டைட்டிலில் போடமாட்டோம், பிறகு டைட்டிலில் இல்லாததால் நீ கலைஞரே இல்லை என்போம்.

அதே சட்டத்தில் நல்லதும் இருக்கிறது. நிகழ்த்தியவர் இன்னார் என்று அடையாளம் சொல்லக் கோரும் உரிமை இருக்கிறது. ஒப்பந்தத்தில் காலமும் இடமும் எழுதாமல் விட்டால் ஐந்து வருடம், இந்தியாவுக்குள் மட்டும் என்று எடுத்துக்கொள்ளும் விதி, நிகழ்த்துகலைஞர்களுக்கும் பொருந்தும்படி இருக்கிறது. அக்கா கையெழுத்துப் போட்ட தாளில் "எக்காலத்துக்கும், உலகெங்கும், இப்போது உள்ள, இனி வரப்போகும் எல்லாத் தொழில்நுட்பங்களிலும்" என்று ஏன் இருந்தது என்று இப்போது புரிகிறதா? எழுதாவிட்டால் ஐந்து வருடத்தில் காலாவதியாகிவிடும் என்று எழுதியவருக்குத் தெரியும். வாசித்தவருக்குத் தெரியாது. சித்திக்கு அந்த போன் வந்தது ஆறாவது வருடம்.

2024 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம், பாடகர் அரிஜித் சிங்கின் குரலை இயந்திரத்தில் நகலெடுப்பதற்குத் தடை விதித்தது. நல்ல உத்தரவு. அதில் காக்கப்பட்டது பிரபலமான ஒருவரின் ஆளுமை உரிமை. பிரபலம் ஆவதற்கு முதல்படி பெயர். எஃப் 17 எந்த ஆளுமையைக் கொண்டு அந்த நீதிமன்றப் படியேறுவார்? 'லால் சலாம்' (2024) படத்தில் மறைந்த பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது குரல்களை ரகுமான் இயந்திரத்தின் மூலம் கொண்டுவந்தபோது குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கினேன், சம்பளம் கொடுத்தேன் என்று சொன்னார். அது சரியா தப்பா என்று விவாதம் நடந்தது. விவாதிக்கும் அளவுக்காவது நமக்கு அந்தக் குரல்களின் பெயர் தெரிந்திருந்தது, அனுமதி கேட்பதற்கு ஒரு வீட்டு முகவரியும் இருந்தது.

அமெரிக்காவிலும் இதே கதை நடந்திருக்கிறது. ஐபோனில் முதன்முதலில் பேசிய சிரியின் குரல் சூசன் பென்னட் என்பவருடையது. 2005 ஜூலையில் ஒரு நிறுவனத்துக்காகச் சம்பந்தமில்லாத வாக்கியங்களைத் தினமும் மணிக்கணக்கில் வாசித்திருக்கிறார். எதற்கென்று தெரியாது. 2011-இல் சிரி வந்தபோது சக கலைஞர் ஒருவர் சொல்லித்தான் அது தன் குரல் என்று அவருக்கே தெரிந்தது. வாசித்த மணிகளுக்குக் கிடைத்த சம்பளத்தோடு சரி. ஆனால் அங்கே சங்கம் பாடம் படித்தது. வீடியோ கேம்களுக்குப் பேசும் கலைஞர்கள் இதே பிரச்சினைக்காக 2024 ஜூலையில் வேலைநிறுத்தம் தொடங்கி, ஏறக்குறைய ஒரு வருடம் நின்றார்கள்.

என் துறைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இதை வாசித்துவிட்டு, "பழைய கதை, இப்ப மூணு செகண்ட் ஆடியோ போதும்" என்று எழுதப்போகிறீர்கள். 2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் வெளியிட்ட வால்-இ மூன்று விநாடி மாதிரியில் ஒரு குரலைப் பிரதியெடுத்தது, தெரியும். அந்த மூன்று விநாடிக்கு அடியில் அறுபதாயிரம் மணிநேர ஆங்கிலப் பேச்சு இருந்தது. தன்னார்வலர்கள் உட்கார்ந்து வாசித்த ஒலிநூல்களிலிருந்து வந்தது அது. அவர்கள் தெரிந்தே பொதுவுக்குக் கொடுத்தார்கள். தமிழில் அப்படிக் கொடுத்தவர்கள் எத்தனை பேர், கேட்காமல் எடுத்தது எவ்வளவு என்று நம் ஃபோல்டர்களைத் திறந்தால் தெரியும். 'டேட்டா' என்ற சொல் எனக்கு இப்போது கிரவுட் என்ற சொல்லைப் போலவே கேட்கிறது. பத்துப்பேர், ஒரு மைக், தனியாகக் கேட்கிற குரல் தப்பு.

இரண்டு கோரிக்கைதான். படமோ தொடரோ, பாத்திரத்தின் பெயர், நடித்தவர் பெயர், அதற்குப் பக்கத்திலேயே பேசியவர் பெயர். கடைசியில் நூறு பெயரோடு கூட்டமாக ஓடவிட்டால் கணக்கில் வராது. இந்தித் தொடர்களைத் தமிழில் ஓட்டும் சேனல்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மூலத்தில் ஒளிப்பதிவு உதவியாளரின் பெயர்கூட ஓடும், தமிழில் நூற்றுக்கணக்கான எபிசோட் பேசியவர் பெயர் மட்டும் வராது. இரண்டாவது, ஒலிப்பதிவு எதற்கு என்று தாளில் எழுதவேண்டும். இந்தத் தொடருக்கு என்றால் இந்தத் தொடருக்கு. இயந்திரத்துக்கு என்றால் தனித்தாள், தனிச்சம்பளம், முடிவுத்தேதி. நூறு ரூபாய்க்கு ஆட்டோ பிடித்தால் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுவார், ஆட்டோ நமக்குச் சொந்தமாகிவிடாது. இதைப் புரிந்துகொள்ள யாருக்கும் இன்ஜினீயரிங் பட்டம் வேண்டாம்.

போன மாதம் அக்காவுக்கு ஒரு புதுத் தொடரின் ஒப்பந்தம் வந்தது. வாட்ஸாப்பில் எனக்கு அனுப்பியிருந்தார், பதினோரு பக்கம். ஒன்பதாம் பக்கத்தில் அதே "இனி வரப்போகும் எல்லாத் தொழில்நுட்பங்களிலும்". இலஞ்சி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மூன்று இடத்தில் திருத்தம் எழுதினோம். அந்த வரியை அடித்தோம், ஐந்து வருடம் என்று போட்டோம், டைட்டிலில் பெயர் என்று ஒரு வரி சேர்த்தோம். பெயர் வரியைச் சேர்க்கும்போது அக்கா கொஞ்சம் யோசித்தார். பிறகு, "எழுது, பாத்துக்கலாம்" என்றார். மறுநாள் கோ-ஆர்டினேட்டரின் பதில் வந்தது: "மத்தவங்க யாரும் இதெல்லாம் கேக்கலையே மேடம்."

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்லவேண்டுமாம். தெரிந்த மற்ற ஆறு பேருக்கு அக்கா போன் போட்டுக்கொண்டிருக்கிறார். இதுவரை இரண்டு பேர் எடுத்திருக்கிறார்கள்.